தாலி வெளுத்த ஞாயிற்றுக்கிழமை

அப்பா அந்தக் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏற்கெனவே எங்கள் வீட்டில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. ஒன்று சொல்வதை மற்றது ஒத்துக்கொண்டதே கிடையாது. மூன்றாவதாக ஒன்று எதற்கு என்று அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. முறத்தில் இருந்த தவிட்டை ஒரு ஊது ஊதினாள். அப்பாவுக்கு அது போதும்.

அப்பாவுக்கு அரியலூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். வண்டி வரும் நேரத்தை வைத்துச் சாப்பிட்டு, வண்டி போகும் நேரத்தை வைத்துக் குளித்துப் பழகிய மனுஷன். அதனாலோ என்னவோ கடிகாரம் என்றால் கிறுக்கு. உடையார்பாளையம் பக்கம் ஒரு பழைய பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த மாதிரிப் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. கட்டில், பீங்கான், விளக்கு என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போக, அப்பா கண்ணில் பட்டது இது ஒன்றுதான்.

நல்ல கடிகாரம்தான், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். நான்கு பக்கமும் கண்ணாடி, பித்தளைச் சட்டம், ஒரு முழ உயரம். சாதாரணமாகப் பெண்டுலத்தின் அடியில் ஒரு வட்டத் தகடு தொங்குமே, அது இதில் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள் அக்கம்பக்கமாகத் தொங்கின. குழாய் நிறைய வெள்ளி மாதிரி ஏதோ பளபளத்தது. அது ஆடும்போது வெயில் பட்டு, எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க வெளிச்சம் இங்கும் அங்கும் ஓடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு அப்போது இருபது வயது. டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போவதும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொண்டு வைப்பதும்தான் என் தொழில். இப்படி ஒரு சாமான் வீட்டுக்குள் வந்தால் குதிக்காமல் என்ன செய்வேன்?

அக்காவும் பாயிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு முறை வயிற்றில் தங்கியது, இரண்டு முறையும் தங்காமல் போனது. மூன்றாவதாக உண்டானதும் மாமாவே அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டார். மாமா என்றால் அக்காவின் புருஷன். சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். அக்காவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. சத்தமாகச் சிரித்தால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் பயந்து பயந்து நடந்த காலம். நாங்கள் எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்துத்தான் பேசினோம், முகத்தைப் பார்க்க மறந்துபோனோம்.

பஸ்ஸில் வரும்போது கடிகாரம் சாய்ந்திருக்கிறது. அப்பா வேட்டி மடிப்பை உதறியதும் தரையில் ஒரு வெள்ளிக் குண்டு விழுந்து, பத்தாகச் சிதறி ஓடியது. நான் குனிந்து ஒன்றைத் தொட்டேன், அது இரண்டாகியது. இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கினேன், சடாரென்று ஒன்றாகிக்கொண்டது. அம்மாகூட முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்பாவின் குரலே மாறிவிட்டது. "பாதரசம்" என்றார், பிள்ளையார் கோயிலில் திரை விலகியதும் பேசுகிற மாதிரி மெதுவாக.

அன்று சாயங்காலம் எங்களுக்குத் திருவிழா. குழாய் ஒன்றின் பித்தளை மூடியைத் திருகி, பாதரசத்தை ஒரு பீங்கான் தட்டில் ஊற்றினார் அப்பா. உள்ளங்கையளவுதான், ஆனால் தட்டைத் தூக்கினால் ஒரு படி உப்பைத் தூக்குகிற மாதிரி கனத்தது. நான் விரலால் அதைத் துரத்தினேன். உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன், ஈரமே ஒட்டவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தொடவில்லை, பிள்ளைத்தாச்சி தொடக்கூடாது என்று அப்பா தள்ளி உட்காரவைத்துவிட்டார். ஆனால் என் கையிலிருந்து அது நழுவித் தரையெல்லாம் ஓட, நான் தவழ்ந்துகொண்டே அதைப் பிடிக்கப் போனதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே நான் அதை இன்னும் நாலு தடவை கீழே கொட்டினேன்.

பாதரசம் கையில் கிடைத்த ஒரு தமிழ் மனுஷன் சும்மா இருப்பானா? அப்பா இருக்கவில்லை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எப்போதாவது வந்து தங்கும் ஒரு சாமியார், பாதரசத்தைக் கட்டி மணியாக்கும் விதத்தை அவருக்கு எப்போதோ சொல்லியிருந்தார். ஓடிக்கொண்டே இருக்கிற ரசத்தை மூலிகைச் சாற்றிலும் நெருப்பிலும் அடக்கிக் கல்லாக்கினால் அது ரசமணி. அதைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டால் காத்துக்கருப்பு அண்டாது, கரு கலையாது, நினைத்தது நடக்கும். கொதிக்கும் பாலில் அந்த மணியைப் போட்டு எடுத்துவிட்டு, பாலைக் குடித்தால் உடம்பு வஜ்ரமாகும். இதெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் புதிய சங்கதி இல்லை. மணியைப் பார்த்தவர்கள்தான் குறைவு, கேள்விப்படாதவர்கள் கிடையாது.

அப்பாவின் திட்டம் சுருக்கமானது. முதலில் மணியைப் போட்ட பாலை அக்கா குடிக்கவேண்டும். பிள்ளை பிறந்ததும் அதன் அரைஞாண் கயிற்றில் அதே மணியைத் தாத்தா கையால் கட்டவேண்டும். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனுஷன் அவர். இந்தத் தடவை தன் கையால் செய்ய ஒரு காரியம் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம் அது. அம்மாவும் அதற்கப்புறம் எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு ஞாயிறு தவறாமல் எங்கள் அடுப்படி அப்பா கைக்குப் போனது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரும்புச் சட்டியை ஏற்றிவிடுவார். பாதரசம், மயில்துத்தம் என்கிற நீல உப்பு, கீழப்பழுவூர் போகிற வழியில் வரப்போரத்தில் பறித்து வந்த இலைகளின் சாறு. சாமியார் சொன்னபடி தீயில் காற்றுப் படக்கூடாது. அதனால் இருக்கிற ஒரே ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்துவிடுவார். அம்மாவுக்கு அந்தப் புகை ஆகவில்லை. கொல்லைப்பக்கம் மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே ராத்திரிச் சமையலை வைத்துக்கொண்டாள். "நீங்க தங்கமே காச்சுங்க, நான் ரசம் வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நான் அடுப்பை விசிறினேன். அக்கா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில்தான் படுத்திருந்தாள். ஆனால் படுத்திருப்பாளா? கதவுச் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எட்டி எட்டிப் பார்ப்பாள். சாறு கொதித்து நீலமும் பச்சையுமாக நுரைக்கும். அப்பா ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே, இப்போ அடங்குது, இப்போ அடங்குது என்பார். அக்காவும் எழுந்து வந்துவிட, மூன்று பேரும் சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்போம். பொழுது சாய்ந்து வெளியே வந்தால் நாக்கில் செப்புக்காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி ஒட்டிக்கொண்டிருக்கும். தலைவலிக்கும். அப்பாவுக்கு ஈறு வீங்கி, சோறு மெல்ல முடியாமல் கஞ்சிக்கு மாறினார். மணி சித்தியாகிற நேரத்தில் செய்கிறவனை அது சோதிக்கும் என்று அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதலில் செய்ததெல்லாம் சேறாகப் போனது. அப்பா துவளவில்லை. கடிகாரத்தின் இரண்டாவது குழாயையும் திறந்தார். பெண்டுலத்தில் பாரம் போனதும் கடிகாரம் தறிகெட்டு ஓடி, அப்புறம் நின்றேபோனது. யார் கவலைப்பட்டார்கள்? ஒரு ஞாயிறு சட்டியின் அடியில் கிடந்ததைத் தண்ணீரில் அலசி எடுத்தபோது அது ஓடவில்லை. வெண்ணெய் மாதிரி விரலுக்கு அடங்கி நின்றது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கோலிக்குண்டு அளவில் ஒரு உருண்டை. எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு எடுத்ததும் கல்லாக இறுகிவிட்டது. தரையில் போட்டால் டிங்கென்று சத்தம் வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். அப்பா சின்னப்பிள்ளை மாதிரி என் பின்னாலேயே ஓடி வந்தார். குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு நாள் நல்லதென்று பாலுக்குக் குறித்தார்கள்.

அன்று காலையில் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அம்மா அரைத்துக் கொடுத்த மஞ்சளைத் தாலியில் பூச உட்கார்ந்தாள். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு பூசிவிட்டுப் போகிறவள், அன்றைக்கு நல்ல நாளாயிற்றே என்று தாலியைக் கொஞ்சம் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். பழைய மஞ்சள் பூச்செல்லாம் போனதும் அடியில் தங்கம் தெரியவேண்டும். தெரியவில்லை. தாலி வெள்ளையாக இருந்தது. பூச்சுப் போன பாத்திரம் மாதிரி சாம்பல் கலந்த வெள்ளை. பக்கத்தில் கோத்திருந்த குண்டுகளும் அப்படியே.

அம்மா அதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஒரு பெண்ணின் தாலி தானாக வெளுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அதிலும் புருஷன் வெடி வைக்கிற குவாரியில் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கும் மாமாவுக்கு வேலை இருந்தது. விடியற்காலையிலேயே வண்டி எடுத்திருப்பார்.

அக்கா அழவில்லை. தாலியை முந்தானையால் மூடிக்கொண்டாள். "போய்ப் பாத்துட்டு வா" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். நான் அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். அப்பா பின்னாலிருந்து அம்மாவிடம் சொல்வது கேட்டது: நல்லவேளை மணி கையில் இருக்கிறது, இதற்குப் பரிகாரமே அந்தப் பால்தான், நல்ல நேரம் பிறந்ததும் தாமதம் பண்ணவேண்டாம், பாலைச் சுடவை.

அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் சைக்கிள் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஆம்பிளை சைக்கிள், நடுவில் கம்பி. பாவாடை தாவணியை வாரிச் சுருட்டிக்கொண்டு மிதித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். ரயில்வே கேட் திறந்திருந்தது, ஒரே அழுத்தில் தாண்டினேன். டவுன் தாண்டியதும் ரோட்டோர மரமெல்லாம் சுண்ணாம்புத் தூசியில் வெள்ளையாக நின்றது. எதைப் பார்த்தாலும் வெளுத்த தாலியாகத்தான் தெரிந்தது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மாமாவின் பெரிய மீசையும், சோற்றில் தயிரை ஊற்றும்போது அவர் போடும் சத்தமும் நினைவுக்கு வந்து, அழுதுகொண்டே மிதித்தேன்.

குவாரிக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டது. நான் சைக்கிளோடு கீழே விழுந்தேன், பயத்தில்தான், வேறொன்றும் இல்லை. எழுந்து பார்த்தால் ஓரமாக நாலைந்து லாரிகள் வரிசையில் நின்றன. அதில் ஒன்றின் நிழலில் மாமா உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய். மீசையெல்லாம் சுண்ணாம்பு.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் பதறிப்போனார். அக்காவுக்கு ஏதாவதா என்று கேட்டுக்கொண்டே எச்சில் கையோடு எழுந்துவிட்டார். அக்கா நன்றாக இருக்கிறாள், நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றேன். மூச்சு வாங்க வாங்கத் தாலி விஷயத்தைச் சொன்னேன். மாமாவுக்கு இந்த மாதிரி விஷயத்தில் பாதி நம்பிக்கை, பாதி கேலி. தலையைச் சொறிந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"அது இருக்கட்டும் புள்ள. நீ எப்ப வெள்ளித் தோட்டுக்கு மாறுன?"

வெள்ளித் தோடா? என் காதில் கிடந்தது பெரியவளானபோது போட்ட தங்கத் தோடு. அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு லாரியின் பக்கக் கண்ணாடியில் காதைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி பாதிக்கு மேல் புள்ளி விழுந்தது, அதில் முகம் தெரிந்தால் பெரிய காரியம். லாரிக் கண்ணாடி துல்லியமாகக் காட்டியது. தோடு வெளுத்திருந்தது. மூக்குத்தி வெளுத்திருந்தது. அக்காவின் தாலியில் பார்த்த அதே நிறம்.

தாலி வெளுத்தால் புருஷனுக்கு ஆபத்து, சரி. எனக்குத்தான் புருஷனே இல்லையே. அப்புறம் என் தோடு யாருக்காக வெளுத்தது?

அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரிசையாக வந்து நின்றன. அம்மாவின் தாலி காலையில் அவள் தரையில் உட்கார்ந்தபோது புடவைக்கு வெளியே தொங்கியது, மஞ்சள் மாறாமல் பளிச்சென்று. அம்மா மட்டும்தான் புகை இருக்கும்போது அடுப்படிக்குள் வராதவள், கொல்லையில் காற்றாடச் சமைத்தவள். புகைக்குள் உட்கார்ந்தது அக்காவும் நானும் அப்பாவும். அப்பா தங்கம் போடுவதில்லை. நானாவது பாதரசத்தைக் கையால் தொட்டேன், காதால் தொட்டேனா? அக்கா எதையுமே தொடவில்லை. அப்படியானால் அந்த வெள்ளி நிறப் பாதரசம்தான் காற்றில் ஏறி வந்திருக்கிறது. எங்கள் காதுக்கும் கழுத்துக்கும் வந்திருக்கிறது. மூக்குத்தி வரைக்கும் வந்தது மூக்குக்குள் போகாமலா இருந்திருக்கும்?

"மாமா, வண்டிய எடுங்க. அக்கா அந்தப் பாலக் குடிச்சிரும்."

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தூக்குவாளியை அப்படியே போட்டுவிட்டு ஏறினார். என் சைக்கிளைப் பின்னால் கல் மேல் தூக்கிப்போட்டார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி அந்த ரோட்டில் அப்படிப் பறந்ததை அரியலூர் அதற்கு முன் பார்த்திருக்காது. ஹாரனிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை. ஆடு மாடெல்லாம் வயலில் குதித்தன. எனக்குப் பயம் போய், வெறி மாதிரி ஒன்று வந்துவிட்டது. தலையை வெளியே நீட்டி, ஒதுங்குங்க ஒதுங்குங்க என்று கத்திக்கொண்டே வந்தேன்.

ரயில்வே கேட் சாத்திவிட்டார்கள். தூரத்தில் கூட்ஸ் வண்டி, அதுவும் கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸின் ஓடு தெரிகிறது. கூட்ஸ் போகிறவரை காத்திருந்தால் பால் ஆறிவிடும், அக்கா குடித்துவிடுவாள். நான் கதவைத் திறந்து குதித்தேன். ரயில்வேக்காரர் மகள் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். கேட்டுக்குக் கீழே நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். கேட்மேன் அப்பா பேரைச் சொல்லித் திட்டியது ரொம்ப நேரம் பின்னால் கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர். மணியைப் போட்டுக் காய்ச்சிய பால், மேலே ஆடை படிந்திருந்தது. ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் கைகூப்பி நின்றார். மணி ஒரு தாம்பாளத்தில் பூவுக்கு நடுவில் கிடந்தது.

மாமா நல்லா இருக்கார் என்பதைத்தான் முதலில் சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள், நன்றி சொல்லிக் குடிக்கிற மாதிரி. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் காதை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். இன்னொரு கையால் அம்மாவின் தாலியை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. அம்மா சமைத்தது கொல்லையில், நாங்கள் இருந்தது புகையில், எனக்கு எந்தப் புருஷனும் கிடையாது என்று மூச்சு விடாமல் சொல்லிமுடித்தேன். அப்பா ஏதோ மறுக்க வாயெடுத்தார். சித்தியான மணி தங்கத்தைத் தின்னும், அதுதான் அதன் சக்தி என்று ஆரம்பித்தார்.

அக்கா அவரைக் கையமர்த்தினாள். எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் அப்படிக் கையமர்த்தியது கிடையாது. டம்ளரையே பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"தங்கத்துக்குள்ளயே பூந்துருச்சேப்பா. என் வயித்துல இருக்கிறது தங்கத்தவிடக் கெட்டியா?"

வெளியே மாமாவின் லாரிச் சத்தம் கேட்டது. அப்பா அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். அப்போதுதான் நான் கவனித்தேன், பால் தளும்பிக்கொண்டே இருந்தது. அவர் கை நடுங்கியது. மகள் சொன்னதைக் கேட்டு நடுங்குகிறது என்று நினைத்தேன். கீழே வைத்துவிட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை. எவ்வளவு நாளாக நடுங்கிக்கொண்டிருந்ததோ, நாங்கள் மணியைப் பார்த்தோமே தவிர கையைப் பார்க்கவில்லை.

அதே லாரியில் ஏறி எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அக்காவைப் பரிசோதித்துவிட்டு, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பாவைத் திட்டினார் பாருங்கள், கடிகாரம் செய்தவன் வரைக்கும் திட்டினார். பாதரசத்தைக் கையில் உருட்டுவதைவிட, அதைச் சுடவைத்து வரும் ஆவியை மூச்சில் இழுப்பது பெரிய விஷமாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஈறு வீக்கமும் கை நடுக்கமும் அது செய்த வேலை. வயிற்றுப் பிள்ளையையும் அது விடாது, அந்த வீட்டில் இந்தப் பெண் இனி ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது என்றார். மாமா அன்றைக்கே அக்காவைத் தன் ஊரான வரதராஜன்பேட்டைக்குக் கூட்டிப் போய்விட்டார். பிள்ளை நன்றாகப் பிறக்குமா என்று அம்மா கேட்டதற்கு, பிறந்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. வேறு கேஸைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நான் எண்ணவில்லை, எண்ணினால் நகராது என்று விட்டுவிட்டேன். அப்பா ஜன்னலில் திணித்த துணியைப் பிடுங்கி எறிந்தார். அடுப்படித் தரையைக் கடப்பாரையால் பெயர்த்தார். நான் சிரிக்கவைப்பதற்காகக் கொட்டினேனே, அந்தக் குண்டுகள் கூடத்துச் சிமெண்ட் விரிசலுக்குள் இன்னும் ஒளிந்துகொண்டு கிடந்தன. அதையும் பெயர்த்தோம். மணியையும் மிச்சப் பாதரசத்தையும் கனத்த பாட்டிலில் அடைத்து, திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்தார். அக்காவின் தாலியை ஆசாரியிடம் கொடுத்து நெருப்பில் காட்டினால் பழைய நிறம் வந்துவிடும் என்றார்கள். அந்த ஆவியை இழுக்க ஆசாரியின் மூச்சு மட்டும் என்ன இரும்பா என்று கேட்டுவிட்டு அக்கா கொடுக்க மறுத்தாள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

பெண் குழந்தை. அழுத அழுகையில் ஆஸ்பத்திரி கூரை பறந்தது. கைகால், விரல், கண் எல்லாவற்றையும் அம்மா புடவைக்கடைக்காரர் துணியை விரித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஒரு குறை இல்லை. நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குதித்ததைப் பார்த்து நர்சு அதட்டினார். நான் நிறுத்தவில்லை.

பேர் வைக்கிற அன்று அரைஞாண் கட்டவேண்டும். அப்பா வரமாட்டேன் என்றார். மாமா லாரியை எடுத்துக்கொண்டு வந்து அவரை ஏற்றிப்போனார். எல்லோரும் கூடியிருக்க, குழந்தையை அக்கா மடியில் போட்டு, கறுப்புக் கயிற்றை அப்பாவிடம் நீட்டினார்கள். வெறும் கயிறு. மணி கோக்க அவர் நினைத்திருந்த இடத்தில் எதுவும் இல்லை. அப்பா கயிற்றை இடுப்பில் சுற்றினார். முடிச்சுப் போட வரவில்லை. கை நடுங்கியது, கயிறு நழுவியது. திரும்ப எடுத்தார், திரும்ப நழுவியது. வண்டி நிற்கிற அவசரத்தில் மடமடவென்று டிக்கெட் கிழித்துக் கொடுத்த விரல்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாராவது கட்டட்டும் என்று அவர் எழப்போனார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிடாமல், அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தி, இரண்டு பேருமாக அந்த முடிச்சைப் போட்டார்கள்.

"ரொம்ப இறுக்காதீங்க" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "புள்ள மூச்சு விடணும்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு குழந்தையின் வயிறு மேலேயும் கீழேயும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.